அம்மா எப்ப வரும்? சின்னக் குழந்தைகளுக்கு நேரத்தைப் பழக்கும் வழி

என் மனைவி ஸ்டாஃப் நர்ஸ். காலை ஷிப்ட் என்றால் 7 முதல் 2 வரை, மதியம் என்றால் 2 முதல் 8 வரை. நைட் என்றால் இரவு 8 மணிக்குப் போய் மறுநாள் காலை 7 மணிக்கு மேல்தான் கிளம்ப முடியும். நாங்கள் இருப்பது திருச்சியில். பாப்பாவுக்கு மூன்றரை வயதானபோது, ஒரு நைட் டூட்டி அன்று, "அம்மா காலையில வந்துடும், நீ தூங்கு" என்று சொல்லிப் படுக்கவைத்தேன். மூன்று மணிக்கு பாத்ரூம் போக எழுந்தாள். லைட்டைப் போட்டேன். வெளிச்சம் வந்துவிட்டால் காலைதானே? நேராக வாசல் கதவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆறரை மணி வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அழுகை வேறு.

அதற்குப் பிறகு எட்டு மாதம் நான் செய்ததெல்லாம் தப்பு. பொம்மைக் கடிகாரம் வாங்கி, முள்ளைத் திருப்பித் திருப்பி "ஏழு மணி, எட்டு மணி" என்று ஒப்பிக்கவைத்தேன். அழகாக ஒப்பித்தாள். "அம்மா ஏழு மணிக்குக் கிளம்பும்" என்று சொன்னால் அடுத்த கேள்வி: "ஏழு மணி எப்ப வரும்?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது அவளுக்கு ஆறரை வயது. மணி பார்க்கிறாள், நாள் எண்ணுகிறாள். என்னையே மடக்குகிறாள். நான் தடுமாறியதற்குக் காரணம் வரிசையைத் தலைகீழாகப் பிடித்ததுதான். கடிகாரம் கடைசியில் வர வேண்டியது, நான் அதில் ஆரம்பித்தேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். ஒரு படி பிடிபடாமல் அடுத்த படிக்குத் தாவ வேண்டாம்.

எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம்

மூன்று வயதில் "முதல்ல இது, அப்புறம் அது" புரியும். நாலு வயதில் ஒரு நாளின் வரிசை பிடிபடும். நேற்று, நாளை என்ற சொற்கள் வாயில் வரும், ஆனால் இடம் மாறி வரும். ஐந்தில் கிழமைகளும் "இன்னும் எத்தனை நாள்" என்ற கணக்கும் மெல்ல வரும். ஆறில் முழு மணி, அரை மணி. நிமிடக் கணக்கோடு மணி பார்ப்பது பெரும்பாலும் ஏழு, எட்டில்தான். இதெல்லாம் தோராயம். பக்கத்து வீட்டுப் பையன் ஐந்து வயதில் மணி சொல்கிறான் என்று உங்கள் பிள்ளையை உலுக்காதீர்கள்.

ஆனால் ஆறேழு வயதாகியும் தன் ஒரு நாளை வரிசையாகச் சொல்ல முடியவில்லை, பேச்சிலும் படிப்பிலும் கூடச் சிரமம் தெரிகிறது என்றால் குழந்தைகள் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன, அங்கே பணம் கட்ட வேண்டியதில்லை. போகும்போது பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளி டைரி இவற்றோடு, ஒரு வாரம் நீங்கள் கவனித்து எழுதிய குறிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். "எப்போதிலிருந்து இப்படி?" என்று அவர்கள் கேட்கும்போது வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்லாமல் இருக்க அது உதவும்.

1. கையில் என்னென்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

முதலில் காகிதங்கள். அப்பா அம்மாவின் டூட்டி சார்ட் (ஷிப்ட் வேலை இல்லாதவர்கள் தப்பித்தீர்கள்), பள்ளியின் விடுமுறைப் பட்டியல், வேன் வரும் நேரம், குடும்பத்தாரின் பிறந்தநாள் பட்டியல். இவற்றை ஒரே இடத்தில் ஒட்டிவைத்தால் உங்களுக்கே குழப்பம் குறையும்.

அப்புறம் உங்கள் குழந்தையின் அன்றாடப் படங்கள் எட்டு. இணையத்தில் கிடைக்கும் கார்ட்டூன் படங்கள் வேண்டாம், உங்கள் வீட்டு பாத்ரூமில் உங்கள் பிள்ளை பல் தேய்க்கும் படமே வேண்டும். செல்போனில் எடுத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட எனக்கு 120 ரூபாய் ஆனது. சார்ட் அட்டை, கயிறு, துணிக் கிளிப் எல்லாம் சேர்த்து 50.

தினசரி காலண்டர் ஒன்று, நாளுக்கொரு தாள் கிழிக்கும் வகை. மார்கழி, தை மாதங்களில் மளிகைக்கடையிலும் ஜவுளிக்கடையிலும் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். ஐந்து நிமிட மணல் கடிகாரம் 150 ரூபாய். பெரிய எண்கள் போட்ட சாதாரண சுவர்க் கடிகாரம் 300. ஆக மொத்தம் 650 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

நான் வீணாக்கியதையும் சொல்லிவிடுகிறேன். வண்ணத் தட்டு சுருங்கிக்கொண்டே போகும் டைமர் ஒன்றை 1,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நல்ல பொருள்தான். ஆனால் தட்டு எங்கே ஒளிகிறது என்று பார்க்க மூன்றாவது நாளே பாப்பா அதைப் பிரித்துவிட்டாள். பொம்மைக் கடிகாரம் 350 ரூபாய், அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

எப்போது ஆரம்பிப்பது? மே மாதத்தில் வேண்டாம். லீவு இருக்கிறது, நிதானமாகச் சொல்லித்தரலாம் என்று தோன்றும். ஆனால் லீவில் எழுவதற்கும் சாப்பிடுவதற்கும் ஒழுங்கே இருக்காது, வரிசை என்ற ஒன்றே இல்லாதபோது எதை வைத்துப் பழக்குவது? பள்ளி திறந்து, முதல் இரண்டு வார அழுகை ஓய்ந்து, ஜூலையில் ஆரம்பியுங்கள்.

2. பொய் நிமிடங்களை நிறுத்துங்கள்

இந்தப் படி குழந்தைக்கு இல்லை, உங்களுக்கு. இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். எனக்கு மூன்று வாரம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் எத்தனை தடவை "அஞ்சு நிமிஷம்" என்று சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். பதினான்கு தடவை. அதில் ஒன்றுகூட ஐந்து நிமிடம் இல்லை. போனை வைத்துவிட்டு வருகிறேன் என்றது நாற்பது நிமிடம், தண்ணீர் எடுத்துத் தருகிறேன் என்றது அரை நிமிடம். "இதோ வந்துட்டேன்" என்று சொன்ன பிறகுதான் செருப்பையே தேடுவேன். குழந்தை இதிலிருந்து என்ன கற்றுக்கொள்ளும்? ஐந்து நிமிடம் என்றால் அப்பாவுக்கு இப்போது முடியாது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

"நாளைக்கு" இதைவிட மோசம். கடையில் பொம்மை கேட்டால் "நாளைக்கு வாங்கித் தரேன்." பூங்காவுக்குப் போகலாம் என்றால் "நாளைக்குப் போலாம்." நம் ஊர் மளிகைக்கடைகளில் "இன்று ரொக்கம், நாளை கடன்" என்று போர்டு மாட்டியிருப்பார்களே, அதே கதை. பெரியவர்களுக்கு அது சிரிப்பு. நாளை என்றால் என்ன என்று இப்போதுதான் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அது தப்பான பாடம். வாங்கித் தரப் போவதில்லை என்றால் "இல்லை" என்றே சொல்லிவிடுங்கள். அழுகை அப்போதே முடிந்துவிடும், நாளை என்ற சொல்லும் கெடாது.

நிமிடத்துக்குப் பதிலாக என்ன சொல்வது? கண்ணுக்குத் தெரியும் ஒரு வேலையைச் சொல்லுங்கள். "இந்தக் கூடையில இருக்கற துணியை மடிச்சு முடிச்சதும் வரேன்." "சாம்பார் இறக்கினதும் கதை." பூங்காவில் "அஞ்சு நிமிஷத்துல கிளம்புறோம்" வேண்டாம், "இன்னும் மூணு தடவை சறுக்கு, அப்புறம் கிளம்பலாம்." மூன்று முடிந்ததும் நீங்களும் எழுந்துவிட வேண்டும். தெரிந்தவரைப் பார்த்து அரட்டையில் உட்கார்ந்துவிட்டால், மறுநாள் "மூணு தடவை" என்பதற்கும் மதிப்பு போய்விடும்.

எங்கள் வீட்டில் பெரிய சிக்கல் என் அம்மா. பேத்தி அழக் கூடாது என்பதற்காக, "அம்மா பஸ்ஸ்டாண்டு வந்துடுச்சு, தோ வந்துடும்" என்று சொல்லிவிடுவார். அம்மா அப்போது வார்டில் இருப்பாள். பெரியவர்களிடம் தத்துவம் பேசினால் வேலைக்காகாது. "அம்மா எப்ப வரும்னு கேட்டா இந்தப் படத்தைக் காட்டுங்கம்மா" என்று அடுத்த படியில் வரும் படக்கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டேன். வேலை ஒன்று கிடைத்ததும் ஒத்துக்கொண்டார்.

3. நாளை ஒரு கயிற்றில் மாட்டுங்கள்

எட்டுப் படங்களையும் கயிற்றில் இடமிருந்து வலமாகக் கிளிப் போட்டு மாட்டுங்கள். எங்களுடையது: எழுவது, பல் தேய்ப்பது, குளியல், இட்லி, வேன், வேனிலிருந்து இறங்குவது, விளையாட்டு, தூக்கம். சிவப்புக் கிளிப் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். "இப்ப நாம இங்க இருக்கோம்" என்று காட்ட. ஒவ்வொரு வேலையும் முடிந்ததும் அதை அடுத்த படத்துக்கு நகர்த்துவது குழந்தையின் வேலை. மூன்று வயதுக்காரர்களுக்கு எட்டு அதிகம், இரண்டு படம் போதும்: முதலில் இது, அப்புறம் இது.

கயிற்றைக் குழந்தையின் கண்ணுயரத்தில் கட்டுங்கள். எவ்வளவு சின்ன விஷயம், நான் முதல் வாரம் சுவிட்ச் போர்டுக்கு மேலே கட்டியிருந்தேன்.

நைட் டூட்டிக்குத் தனிக் கயிறு போட்டோம். அம்மா பையை மாட்டிக்கொண்டு டாட்டா காட்டுவது, சாப்பாடு, கதை, இருட்டில் தூங்குவது, வாசலில் தொங்கும் பையில் பால் பாக்கெட், பல் தேய்ப்பது, அம்மா, வேன். இந்தப் பால் பாக்கெட்தான் எங்கள் வீட்டைக் காப்பாற்றியது. காலை என்பதற்கு வெளிச்சத்தை அடையாளமாகச் சொன்னால் டியூப் லைட்டும் வெளிச்சம்தான். ஆனால் பால் எங்கள் வாசலுக்கு ஐந்தரைக்கு முன் வராது. மூன்று மணிக்கு எழுந்தவளிடம் "பால் பை தொங்குதா பாரு" என்றேன். போய்ப் பார்த்தாள். இல்லை. "அப்ப இன்னும் ராத்திரிதான்" என்று அவளே சொல்லிவிட்டு வந்து படுத்தாள். உங்கள் தெருவில் பால் வராவிட்டால் கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, மாடிவீட்டுக்காரர் மோட்டார் போடுவது, எது தினமும் தவறாமல் நடக்கிறதோ அதைப் பிடியுங்கள்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அம்மாவின் படத்தை ஒரே இடத்தில் மாட்டாதீர்கள். வார்டில் அடுத்த ஷிப்டுக்காரர் வரத் தாமதமானாலும் பஸ் கிடைக்காவிட்டாலும் அந்த இடம் தப்பும், குழந்தைக்கு மொத்தக் கயிற்றின் மேலும் நம்பிக்கை போகும். நாங்கள் பல் தேய்ப்பதிலிருந்து வேன் வரை ஒரு ரிப்பனை நீளமாகக் கட்டி, "அம்மா இதுக்குள்ள எங்கயாவது வரும்" என்று சொன்னோம். சில நாள் வேன் ஏறிய பிறகுதான் வந்தாள். அந்த நாட்களில் அழுகை இருந்தது, மறைப்பானேன்.

லீவு நாளில் கயிற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லாத வேனுக்குக் காத்திருக்க வேண்டாம்.

4. நேற்று, இன்று, நாளை

"நாளைக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போனோம்ல?" "நேத்து ஐஸ்கிரீம் சாப்பிடுவேன்." இப்படிப் பேசினால் கவலைப்படாதீர்கள். இதில் நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. போனோம், சாப்பிடுவேன் என்ற வினைச்சொற்கள் சரியாகவே இருக்கின்றன பாருங்கள். நடந்ததா நடக்கப் போவதா என்பது குழந்தைக்குத் தெரியும், பெயர்தான் மாறுகிறது. "தப்பு, நேத்துன்னு சொல்லு" என்று நிறுத்தாமல், "ஆமா, நேத்துப் போனோம், அம்மாச்சி முறுக்கு கொடுத்தாங்க" என்று சரியான சொல்லை வைத்துப் பேச்சைத் தொடருங்கள். ஒருநாளில் ஐம்பது தடவை இப்படிச் சொல்ல வாய்ப்பு வரும்.

நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று. "தூங்கி எழுந்தா நாளைக்கு" என்று சொல்லிக்கொடுத்தேன். புத்திசாலித்தனமான விளக்கம் என்று எனக்கே பெருமை. மறுநாள் மதியம் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தவள், "நாளைக்கு வந்துடுச்சா? இப்பப் பிறந்தநாளா?" என்று கேட்டாள். மதியம் தூங்கும் வயதில் இந்த விளக்கம் எடுபடாது. "ராத்திரி" என்று எண்ணுங்கள். இன்னும் மூணு ராத்திரி போனா பிறந்தநாள். விரலைக் காட்டி, ஒவ்வொரு காலையும் ஒரு விரலை மடக்குங்கள். முந்தாநாளும் நாளன்றைக்கும் நேற்றும் நாளையும் நன்றாக நின்ற பிறகுதான், குறைந்தது ஆறு மாதம் கழித்து.

படுக்கும்போது இரண்டே கேள்வி: இன்னைக்கு என்ன நடந்துச்சு, நாளைக்கு என்ன இருக்கு. செல்போன் கேலரியில் நேற்று எடுத்த படத்தைக் காட்டுவதும் நல்ல வழி. ஆனால் அந்த வழியில் போனவர்கள் வீடியோவில் போய் முடிவதும் உண்டு, ஜாக்கிரதை.

5. கிழமையும் காலண்டரும்

ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று பாட்டாகப் பாடத் தெரிவது வேறு, இன்று என்ன கிழமை என்று தெரிவது வேறு. ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு முகம் கொடுங்கள். எங்கள் பள்ளியில் புதன் கலர் டிரஸ், வெள்ளி வெள்ளை யூனிஃபார்ம். சனி அப்பாவோடு சந்தை. ஞாயிறு கறிக்குழம்பு.

கறிக்குழம்பு பெரிய அடையாளமாக நின்றது, புரட்டாசி பிறக்கும் வரைக்கும். எங்கள் வீட்டில் புரட்டாசியில் கவுச்சி கிடையாது. நாலு வாரம் பாப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையே வரவில்லை. "ஏம்பா இன்னும் ஞாயித்துக்கிழமை வரல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அடையாளம் தேர்ந்தெடுக்கும்போது ஆண்டு முழுக்க நிற்குமா என்று ஒருமுறை யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது ஞாயிற்றுக்கு எண்ணெய்க் குளியலை வைத்திருக்கிறோம்.

காலண்டர் தாளைக் கிழிக்கும் உரிமையைக் குழந்தைக்கே கொடுங்கள். தினமும் காலை ஒன்று, பல் தேய்த்ததும். நம் தினசரித் தாளில் ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி, ராகு காலம், எமகண்டம், கரிநாள் என்று ஏகப்பட்ட எண்கள் இருக்கும். பெரிய எண்ணையும் கிழமையையும் மட்டும் விரல் வைத்துப் படியுங்கள், மற்றது பிறகு பார்த்துக்கொள்ளலாம். கிழித்த தாளை எறியாமல் ஒரு டப்பாவில் போடுங்கள். முடிந்துபோன நாட்கள் டப்பாவில், வரப்போகும் நாட்கள் சுவரில். இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காத்திருக்கும் நாளின் தாளில் மூலையை மடித்து ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதுவரை எத்தனை தாள் என்று எண்ணட்டும். எங்கள் வீட்டில் பிறந்தநாளுக்கு ஒன்பது தாள் இருந்தபோது, ஒன்பதையும் ஒரே மூச்சில் கிழித்துவிட்டு "இன்னைக்குப் பிறந்தநாள்" என்று வந்து நின்றாள். அவள் கணக்கில் தப்பே இல்லை. தாள் போனால் நாள் போகும் என்று சொன்னவன் நான்தானே. பசை போட்டு ஒன்பதையும் திருப்பி ஒட்டினோம். அதிலிருந்து காலண்டரைக் கைக்கு எட்டாத ஆணியில் மாட்டி, காலையில் தூக்கிக் காட்டுகிறேன்.

எவ்வளவு முன்னால் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும். ஆடி மாதமே தீபாவளித் துணியைப் பற்றிப் பேசிவிட்டு, தினமும் "இன்னைக்கா தீபாவளி" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன அனுபவம் எனக்கு இருக்கிறது. நாலு வயதுக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும். ஆறு வயதுக்கு ஒரு மாதம்வரை தாங்கும். ஊசி போடப் போவது போன்ற விஷயத்தை முந்தின நாள் சாயங்காலம் சொல்வதே நல்லது.

வரிசை பழக்க நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு பொங்கல். போகி, தைப்பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நாலு நாளும் நாலு விதம். பழைய பாய் எரிவது ஒருநாள், பானை பொங்குவது ஒருநாள், மாட்டுக்கு மாலை ஒருநாள், ஊர் சுற்றுவது ஒருநாள். மாற்றிப் போட முடியாது. நவராத்திரி ஒன்பது நாள் கொலு வைக்கும் வீடுகளுக்கும், நோன்பு நாட்களை எண்ணும் வீடுகளுக்கும் இதே வசதி உண்டு.

6. எவ்வளவு நேரம்

வரிசை தெரிந்த பிறகுதான் நீளம். மணல் கடிகாரத்தை எடுங்கள். விளையாட்டுக்கே முதலில் பயன்படுத்துங்கள்: மணல் விழுந்து முடிவதற்குள் எத்தனை பிளாக் அடுக்கலாம், வாசலுக்கும் கொல்லைக்கும் எத்தனை தடவை ஓடலாம். எடுத்த எடுப்பில் "இது முடியறதுக்குள்ள சாப்பிடல, அவ்வளவுதான்" என்று மிரட்டினால், அந்தக் கண்ணாடிக் குடுவையைப் பார்த்தாலே அழுகை வரும். எங்களுக்கு வந்தது. ஒரு மாதம் அலமாரியில் ஒளித்து வைத்துவிட்டு மறுபடி விளையாட்டாக ஆரம்பித்தோம்.

ஒரு நிமிட விளையாட்டு செலவில்லாதது. கண்ணை மூடிக்கொள், ஒரு நிமிஷம் ஆச்சுன்னு தோணினா கையைத் தூக்கு. பாப்பா முதலில் பத்து வினாடியில் தூக்கினாள். நானும் முயன்றேன், நாற்பதில் தூக்கினேன். ஆக, பெரிய பேச்சு பேச எனக்கும் தகுதி இல்லை. பல் தேய்க்க இரண்டு நிமிடம் என்று மருத்துவர்கள் சொல்வதை இதோடு சேர்த்துக்கொள்ளலாம், வினாடி முள் இரண்டு சுற்று.

குக்கர் விசில் நேரத்துக்கு உதவும் என்று நினைப்பீர்கள். வரிசைக்கு உதவும்: மூணு விசில் வந்தா சாப்பாடு. நீளத்துக்கு உதவாது. தீ கூடக் குறைய, அரிசி கூடக் குறைய, விசிலின் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். இட்லிக் கொப்பரை பரவாயில்லை, ஒரு ஈடு வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். மணல் கடிகாரத்தை இரண்டு தடவை கவிழ்த்தால் இட்லி ரெடி என்பது எங்கள் வீட்டில் பெரும்பாலும் பலிக்கிறது.

டிவி, செல்போன் பார்க்க விடுகிறீர்கள் என்றால் தானாக அடுத்தடுத்து ஓடும் வசதியை முதலில் அணையுங்கள். முடிவே இல்லாத ஒன்றை வைத்து நேரம் பழக்க முடியாது. "ரெண்டு கதை" என்று எண்ணிக்கையில் சொல்லுங்கள்.

7. இனி கடிகாரம்

என் 350 ரூபாய்ப் பொம்மைக் கடிகாரத்தில் இரண்டு முட்களும் தனித்தனியாகச் சுற்றும். ஐந்தரை என்று காட்ட, பெரிய முள்ளை 6-இல் வைத்து, சின்ன முள்ளைச் சரியாக 5-இன் மேலேயே நிறுத்திக் கற்றுக்கொடுத்தேன். நிஜக் கடிகாரத்தில் ஐந்தரைக்குச் சின்ன முள் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்கும். பாப்பா குழம்பியதில் ஆச்சரியமில்லை. வாங்குவதாக இருந்தால் ஒரு முள்ளைத் திருப்பினால் மற்றதும் சேர்ந்து நகரும் வகையைப் பார்த்து வாங்குங்கள். கடையிலேயே திருப்பிப் பாருங்கள்.

அதைவிட நல்ல யோசனை, வீட்டில் கிடக்கும் பழைய சுவர்க் கடிகாரம். வாட்ச் ரிப்பேர் கடையில் கொடுத்து, வினாடி முள்ளையும் நிமிட முள்ளையும் எடுத்துவிடச் சொன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், 50 ரூபாய் வாங்கினார். சின்ன முள் மட்டும் அதுபாட்டுக்கு ஓடும். அதை மூன்று மாதம் மாட்டிவைத்தோம். "அஞ்சு தாண்டிருச்சு", "ஆறுகிட்ட வந்துடுச்சு" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். மணி பார்ப்பதில் பாதிக்கு மேல் இந்தச் சின்ன முள்தான். நாம் பெரிய முள்ளையும் சேர்த்துக் கொட்டிக் குழப்புகிறோம்.

அடுத்து பெரிய முள். இங்கே தமிழ் நமக்குப் பெரிய உதவி. ஐந்தேகால், ஐந்தரை, ஐந்தேமுக்கால். மூன்றிலும் ஐந்து ஐந்தாகவே இருக்கிறது, சின்ன முள் ஐந்திலிருந்து எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. பள்ளியில் இதையே ஆங்கிலத்தில் "குவார்ட்டர் டு சிக்ஸ்" என்று கேட்டால், ஆறு என்ற எண் காதில் விழுந்ததும் பிள்ளை ஆறேமுக்காலுக்குப் போய்விடும். வீட்டில் தமிழில் உறுதியாக்கிவிட்டு, ஆங்கில வழக்கைக் கடைசியில் தனியாகச் சொல்லிக்கொடுங்கள். கால், அரை, முக்கால் புரியத் தோசைதான் சாதனம். நாலாக வெட்டி, ஒரு துண்டு எடுத்தால் கால். "தோசைக்கு ஏது கால்?" என்று ஒருநாள் சிரிப்பு இருக்கும், அதைக் கடந்துவிட்டால் சரி.

ஐந்து ஐந்தாக நிமிடம் எண்ணுவதை ஐந்தாம் வாய்ப்பாடு தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் தெரியும் எண் கடிகாரத்தை முதலில் பழக்க வேண்டாம். 7:58 என்று படித்துவிடுவார்கள், எட்டுக்கு ரொம்பப் பக்கம் என்பது அதில் தெரியாது. சுவரில் பார்த்தால் தெரியும்.

கடிகாரம் வாங்கும்போது 12 எண்களும் போட்டிருக்கிறதா, ரோமன் எழுத்தாக இல்லாமல் இருக்கிறதா, முட்களின் நீளம் நன்றாக வித்தியாசப்படுகிறதா என்று பாருங்கள். அலங்காரக் கடிகாரங்கள் பெரும்பாலும் மூன்றிலும் தோற்கும். வீட்டில் சிலர் பத்து நிமிடம் வேகமாக வைத்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தையும் விடுங்கள், ஹாலில் ஒரு மணி செல்போனில் ஒரு மணி என்றால் குழந்தை எதை நம்பும்?

8. பயணத்தில்

"எப்ப வரும்?" பஸ்ஸில்தான் அதிகம் கேட்கும். ஒன்றரை மணி நேரம் என்று சொல்வதால் பயனில்லை. நாங்கள் தஞ்சாவூருக்கு அம்மாச்சி வீட்டுக்குப் போகும்போது ஊர்ப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவோம்: திருவெறும்பூர், துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம், தஞ்சாவூர். ஒவ்வொரு ஊர் தாண்டியதும் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவாள். படிக்கத் தெரியாத வயதில் அந்தந்த இடத்தில் கண்ணில் படும் ஒன்றைப் படமாக வரைந்து கொடுத்தோம். இடைவெளி ஒரே அளவாக இல்லை என்பதையும் அவளே கண்டுபிடித்தாள்: துவாக்குடி சீக்கிரம் வந்துவிடுகிறது, செங்கிப்பட்டி வர நேரமாகிறது. இப்போதெல்லாம் பஸ் ஏறும்போதும் இறங்கும்போதும் மணி பார்த்துச் சீட்டின் பின்னால் எழுதுகிறாள். முறுக்குப் பொட்டலத்தைச் செங்கிப்பட்டி தாண்டிய பிறகுதான் பிரிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். முன்னாலேயே பிரித்துவிட்டால் மீதி வழிக்கு உங்கள் கையில் எதுவும் இருக்காது.